மதர்போர்டு ஸ்பெக் தாள்: சின்ன எழுத்தில்தான் விஷயம்

குடியாத்தத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, புது சிஸ்டம் போடப் போகிறேன். ப்ராசஸர் ஐ5-12400 என்று முடிவாகிவிட்டது. கடையில் இரண்டு மதர்போர்டு காட்டினார்கள். ஒன்று எச்610, இன்னொன்று பி760. இரண்டும் டிடிஆர்4 ராம் எடுக்கும், இரண்டிலும் எஸ்எஸ்டி போடும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது, இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டு போடலாம். ஆனால் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். வேகம் ஒன்றுதான் என்று கடைக்காரரே சொல்கிறார். அப்புறம் எதற்கு நாலாயிரம்? ஸ்பெக் தாளில் நாற்பது வரி இருக்கிறது, எதைப் பார்ப்பது? ரூமில் ஏசி கிடையாது."

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பதிலின் பாதி அதில்தான் இருக்கிறது. ஏசி இல்லாத ரூம், அதுவும் நம் பக்கத்து வெயிலில்.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஒரே ப்ராசஸரை இரண்டு போர்டிலும் போட்டு, மார்கழி மாதக் காலையில் ஒரே ஆல்பத்தை எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கும். போர்டு வேகத்தைக் கொடுப்பதில்லை. ப்ராசஸர் தன் வேகத்தில் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும், நாளைக்கு என்னென்ன சேர்த்து மாட்டலாம் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. நாலாயிரம் எங்கே போனது என்பது சித்திரை மாத மத்தியானத்தில்தான் தெரியும்.

நான் காட்பாடிப் பக்கம் இருபது வருஷமாக சிஸ்டம் அசெம்பிள் செய்கிறேன். (பாடப்புத்தகத்தில் தாய்ப்பலகை என்று இருக்கிறது. கடைக்கு வந்து அப்படி யாரும் கேட்டதில்லை. போர்டு என்றால் போதும்.) இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது இதுதான்: ஸ்பெக் தாளில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் சிப்செட்டின், அதாவது போர்டின் மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கும் சில்லின், பெருமை. எச்610 ஆனாலும் பி760 ஆனாலும் அந்தச் சிப்பை இன்டெல்தான் தருகிறது. ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் எல்லாருக்கும் அதே சிப்தான். போர்டு செய்தவர் எங்கே செலவழித்தார், எங்கே மிச்சம் பிடித்தார் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். பல நேரம் எழுதாமலே விட்டிருப்பார்கள்.

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப வைத்ததோடு கடைசி வரி செல்லாமல் போனது. ஆற்றைப் பற்றிய வரி வருஷத்தில் பாதி நாள் இன்னும் செல்லும். போர்டு வாங்கப் போகும்போது அந்தக் கேலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாட்டை எடுத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டு போடும் நீள ஸ்லாட் இரண்டு இருந்தால், தாளில் 'பிசிஐஇ எக்ஸ்16, இரண்டு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அடியில் பொடி எழுத்தில் 'இரண்டாவது எக்ஸ்4 முறையில் இயங்கும்' என்றிருக்கும். ஸ்லாட்டின் நீளம் 16 லேனுக்கு (டேட்டா ஓடும் பாதைக்கு லேன் என்று பெயர்), உள்ளே வந்து சேரும் லேன் 4. பல போர்டுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்லாட்டுக்குள் மொபைல் டார்ச்சை அடித்தால், தங்க நிறக் காண்டாக்ட் பாதிக்கு முன்பே நின்றுவிடும். பாலாறுதான் இது: பாலம் முழு நீளத்துக்கு, தண்ணீர் ஓரத்தில் ஒரு ஓடையாக. உங்களுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போதும், முதல் ஸ்லாட்டில் இரண்டு போர்டுமே முழு 16 லேன் தரும். ஆகவே இந்தக் கணக்கில் இரண்டும் சமம்.

எம்.2 அப்படி இல்லை. இரண்டிலும் எம்.2 இருக்கிறது என்கிறீர்கள். எத்தனை, எந்த வழியில் என்று பார்க்க வேண்டும். 12400 ப்ராசஸரிலிருந்து எஸ்எஸ்டிக்கென்றே நேராக வரும் 4 லேன்கள் உண்டு, பிசிஐஇ 4.0 வேகத்தில். எச்610-ல் அந்த வழி திறக்கப்படுவதில்லை. அதில் எம்.2 சிப்செட் வழியாக, 3.0 வேகத்தில்தான் வரும். எண்ணில் சொன்னால் எச்610-ல் விநாடிக்குச் சுமார் 3,500 எம்பி, பி760-ல் சுமார் 7,000 எம்பி. கேட்க இரண்டு மடங்கு. ஆனால் உங்கள் வேலைக்கு 3,500 தாராளம். ஃபோட்டோஷாப் ஃபைல் திறப்பதில் அந்த வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு முக்கியம் எம்.2 ஒன்றா இரண்டா என்பது. ஒரு எஸ்எஸ்டியில் விண்டோஸும் சாஃப்ட்வேரும், இன்னொன்றில் நடந்துகொண்டிருக்கும் கல்யாணமும் ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் ஸ்க்ராட்ச் டிஸ்கும் என்று பிரித்து வைத்தால் சிஸ்டம் மூச்சு வாங்காது. விலை குறைந்த எச்610 பலவற்றில் எம்.2 ஒன்றுதான்.

எம்.2 வரியிலேயே இன்னொரு பொடி எழுத்தும் ஒளிந்திருக்கும்: 'எம்.2-வில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் சாட்டா 2 போர்ட் வேலை செய்யாது'. முடிந்த கல்யாணங்களையெல்லாம் மூன்று நான்கு ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பீர்கள் அல்லவா? அவற்றை மாட்டும் இடம்தான் சாட்டா போர்ட். ஒரு நாள் ஒரு டிஸ்க் காணாமல் போகும், டிஸ்க் போய்விட்டது என்று பயந்து என் மாதிரி ஆளிடம் தூக்கிக்கொண்டு வருவீர்கள். சாட்டாவுக்குப் பதில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மேனுவலில் அந்தப் பக்கத்தை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ராம். எச்610 என்றால் ஸ்லாட் இரண்டுதான். சிப்செட்டின் வரையறையே அது. பி760-ல் நான்கு இருக்கலாம், சிக்கனமான மாடலில் இரண்டோடும் நிறுத்தியிருப்பார்கள். ஆல்பம் வேலைக்கு இன்று 16 ஜிபி ஓடும். ரா ஃபைலும் முப்பது லேயருமாக வந்தால் 32 கேட்கும். இரண்டே ஸ்லாட் இருந்து இன்று 8+8 போட்டால், நாளைக்கு 32 வேண்டும்போது இரண்டையும் கழற்றி வந்த விலைக்கு விற்க வேண்டும். அதற்காக 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைப் போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ராமிலிருந்து ப்ராசஸருக்கு இரண்டு பாதை (சேனல்) உண்டு. டிடிஆர்4-3200 ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2 ஜிபி. ஒற்றை ஸ்டிக் என்றால் அதில் பாதியை நீங்களே அடைத்து வைக்கிறீர்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் போடும்போது ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டு, போர்டு ஸ்லோ என்று புகார் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிடிஆர்4-ஆ 5-ஆ என்று இப்போது குழம்ப வேண்டாம். பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 இருந்தால் அதையே போடலாம். ஆனால் ஒரே பி760 மாடல் பெயரில் டிடிஆர்4 போர்டும் வரும், டிடிஆர்5 போர்டும் வரும். பெயரின் கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' இருக்கிறதா என்று பாருங்கள். ராமின் வெட்டு இரண்டுக்கும் வேறு இடத்தில். அழுத்தினாலும் நுழையாது, நுழைத்தால் உடையும்.

இனி நாலாயிரம் ரூபாய் உண்மையில் போகிற இடம். ஸ்பெக் தாளில் இதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) கொடுப்பது 12 வோல்ட். ப்ராசஸருக்குத் தேவை 1.2 வோல்ட் போல. அந்த 12-ஐ 1.2-ஆக இறக்கிக் கொடுப்பது ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம். சின்னக் கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட், சாம்பல் நிறக் கட்டிகள் சோக், உருளைகள் கெபாசிட்டர். உங்கள் 12400-ஐ 65 வாட் என்பார்கள். அது அடிப்படைக் கணக்கு. வேகத்தைக் கூட்டும் டர்போவில் 117 வாட் வரை போகும் என்று இன்டெல்லே எழுதியிருக்கிறது. 117-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 100 ஆம்பியர்! உங்கள் வீட்டு மெயின் லைனிலேயே அத்தனை ஆம்பியர் ஓடாது. (வோல்ட் வேறு, அதனால் பவர் ஒன்றல்ல. ஆனால் கம்பியும் சில்லும் சூடாவது ஆம்பியரால்தான்.)

இதைப் பங்குபோடும் ஒவ்வொரு மாஸ்ஃபெட்-சோக் கூட்டத்துக்கும் ஃபேஸ் என்று பெயர். இந்த 100 ஆம்பியரை 4 ஃபேஸ் பங்குபோட்டால் ஆளுக்கு 25, 8 ஃபேஸ் பங்குபோட்டால் ஆளுக்குப் பன்னிரண்டரை. இறக்கிக் கொடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு வீணானாலும் 13 வாட் சூடு அந்தச் சின்ன இடத்திலேயே நிற்கும். என் மேஜையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி! அதன் மேல் ஹீட்சிங்க் இல்லாவிட்டால் சூடு போக வழியில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மே மாதத்தில் கேட்பார்களே, எப்படி இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று. நிழலில் 41, 42 டிகிரி அடிக்கும் நாளில் கேபினெட்டுக்குள் காற்றே 50-ஐ நெருங்கும். மாஸ்ஃபெட் அந்த 50-லிருந்து ஆரம்பிக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் அறையிலிருந்து ஒரு ஏப்ரலில் கூப்பிட்டார்கள். காலையில் நன்றாக ஓடும் இரண்டு சிஸ்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆமையாகிவிடுகிறது; நான்கு மணி போலத் தானாகச் சரியாகிவிடுகிறது. வைரஸ் என்று சொல்லி ஒருவர் இரண்டு தடவை விண்டோஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது ப்ராசஸர் சூடு 70 டிகிரிதான், அதில் குறையில்லை. ஆனால் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நின்றது. எட்டு கோர் ப்ராசஸரை அந்த வரிசையிலேயே விலை குறைந்த போர்டில் மாட்டியிருந்தார்கள். விஆர்எம் மேல் ஹீட்சிங்க் கிடையாது, சோக் பக்கத்தில் விரல் வைக்க முடியவில்லை. சூடு எல்லை தாண்டியதும் போர்டே ப்ராசஸரை அடக்கிவிடுகிறது. எரிந்து போகாமல் இருக்க அது செய்யும் புத்திசாலித்தனம். வெயில் இறங்கினால் விடுகிறது. ஒரு சின்ன ஃபேனை விஆர்எம் பக்கம் திருப்பி டை போட்டுக் கட்டினேன், அன்றைக்கே பாதி சரியாயிற்று. போர்டை மாற்றியது அப்புறம்.

அதனால் விஆர்எம்மை எப்படிப் பார்ப்பது? போர்டின் படத்தைப் பெரிதாக்கி, சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் பாருங்கள். சாம்பல் கட்டிகளை எண்ணுங்கள். அவற்றின் பக்கத்தில் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா, அது ஸ்க்ரூ போட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் '6+2 ஃபேஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனிக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ப்ராசஸர் பவர் சாக்கெட் 4 பின்னா 8 பின்னா என்பதும் ஒரு சாடை. 12400-க்கு 4 பின்னே தாங்கும்தான், ஆனால் 8 பின் வைத்தவர் பெரிய ப்ராசஸரையும் நினைத்துச் செய்திருக்கிறார்.

சூட்டோடு சேர்த்துக் கெபாசிட்டரையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நல்ல போர்டில் வருவது சாலிட் வகை. 105 டிகிரியில் ஆயுள் 5,000 மணி நேரம் என்றால் பயந்துவிடாதீர்கள். சூடு 20 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய 10 மடங்கு, அதாவது 85 டிகிரியில் 50,000 மணி. இதைத் திருப்பிப் போட்டும் படிக்க வேண்டும். 20 டிகிரி கூடினால் பத்தில் ஒன்று. ஏசி ரூமில் பத்து வருஷம் ஓடும் போர்டு நம் ஊரில் ஏன் சீக்கிரம் படுத்துவிடுகிறது என்பதற்கு இதுதான் பெரிய காரணம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைப்பது இதற்கு வைத்தியம் இல்லை. உள்ளே புழுதி போகும், பல்லி போகும். பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் முடிந்த கதைகள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. பின்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போடுங்கள், போதும்.

அளவு பற்றிக் கொஞ்சம். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் அதிகபட்சம் 244-க்கு 244 மில்லிமீட்டர். சிக்கன போர்டுகளை அகலத்தில் வெட்டிவிடுவார்கள். வலது ஓரத்துக்கு ஸ்க்ரூ துளை இருக்காது, அந்த ஓரம் அந்தரத்தில் தொங்கும். 24 பின் பவர் கனெக்டரை அந்தப் பக்கம்தான் அழுத்தி மாட்ட வேண்டும். போர்டு வளைவது கண்ணுக்குத் தெரியும். அடியில் ஒரு விரல் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மாட்டுங்கள்.

பின்பக்கப் போர்ட்டுகளில் உங்களுக்கு ஒன்றுதான் முக்கியம்: எச்டிஎம்ஐ. கிராபிக்ஸ் கார்டு போடும்வரை மானிட்டரைப் போர்டில்தான் செருகப் போகிறீர்கள், சில போர்டுகளில் 4கே என்று போட்டு அடியில் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். மவுஸ் இழுத்தால் விக்கும். 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் விலை குறைகிறது என்று 12400எஃப் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. எஃப் வகையில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. நெட்வொர்க் ஒயர் மாட்டும் லேன் போர்ட் 2.5ஜி என்றால் நல்லதுதான், ஆனால் மறுமுனையில் ஸ்விட்சும் 2.5ஜி ஆக இருக்க வேண்டும். ஆடியோ எதுவானாலும் சரி. கலர் கலராக எரியும் லைட்டுக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். அதைவிட டிபக் லைட் என்று நான்கு சின்ன எல்இடி இருந்தால் அது தங்கம்: சிபியு, ராம், விஜிஏ, பூட், எதில் நிற்கிறது என்று காட்டிவிடும். டிஸ்ப்ளே வராத நாளில் ராமைக் கழற்றி ரப்பரால் துடைப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பயோஸில் (போர்டின் செட்டிங் மெனுவில்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் 11 அதைக் கேட்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் புது சிஸ்டத்தில் அதை ஏற்றுவதில் அர்த்தமில்லை.

நாளைய கணக்கு ஒன்று பாக்கி. எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14-ம் தலைமுறை ப்ராசஸர்களுக்கானது, அதோடு முடிந்தது. அடுத்த வரிசைக்கு இன்டெல் சாக்கெட்டை மாற்றிவிட்டது. அதனால் உங்கள் அப்கிரேட் என்பது இரண்டு மூன்று வருஷம் கழித்து யாரோ கழற்றி விற்கும் ஐ7-ஐ வாங்கி மாட்டுவதுதான். அன்றைக்கு விஆர்எம் நன்றாக இருந்தால் மட்டுமே அது நடக்கும். 13, 14-ம் தலைமுறையின் பெரிய சிப் வாங்கினால், மாட்டுவதற்கு முன்பே பயோஸைப் புதுப்பியுங்கள். அவற்றில் வோல்ட்டேஜ் ஏறி சிப்பே கெடும் கோளாறு இருந்தது; அதற்கான திருத்தத்தை (மைக்ரோகோடு) இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது, புதுப் பயோஸில் அது சேர்ந்து வரும். ஏஎம்டி பக்கம் ஏஎம்5 சாக்கெட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 கட்டாயம். நீங்கள் 12400 என்று முடிவு செய்துவிட்டதால் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, எதை வாங்குவது? உங்களுக்குக் காட்டிய பி760-ல் ராம் ஸ்லாட் நான்கு, எம்.2 இரண்டு, விஆர்எம் மேல் ஹீட்சிங்க், மூன்றும் இருந்தால் நாலாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள், யோசிக்க வேண்டாம். பி760 என்று பெயர் மட்டும் இருந்து, இரண்டே ஸ்லாட்டும் மொட்டை விஆர்எம்முமாக இருந்தால், அது சாமி இல்லாத கோயில். அதற்கு எச்610-ஐ வாங்கி, மிச்சமாகும் பணத்தை ராமில் போடுங்கள். எச்610 மட்டமான பொருள் இல்லை. டேலி ஓடும் கடைகளுக்கு நான் கணக்கில்லாமல் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் ஓடவிடுகிற ஆளுக்கு அது முதல் தேர்வு இல்லை, அவ்வளவுதான்.

பில் போடுவதற்கு முன் கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, சாக்கெட் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே இருக்கும் பின்கள் வரிசையாக நிற்கிறதா என்று பார்த்து மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரன்டி கிடையாது என்பார்கள், வளைத்தது நீங்கள் இல்லை என்று அப்புறம் நிரூபிக்க முடியாது. பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும்.

வீட்டுக்குப் போனதும் இப்போதைய சிஸ்டத்தின் கேபினெட்டை வெறும் காலோடு நின்று புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்க்கவெல்லாம் வேண்டாம், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரிந்தால் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ், கேபினெட் முழுக்க நூறு வோல்ட்டுக்கு மேல் கசியவிடும். பென்டிரைவ் செருகும்போதும் லேன் ஒயர் மாட்டும்போதும் அது போர்டு வழியாகத்தான் இறங்கும். ஐப்பசி இடி மழையில் லேன் போர்ட் போன போர்டுகள் என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதி எர்த் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யுங்கள், போர்டை அடுத்த வாரம் வாங்கலாம்.